வயிறு நிறைந்தால் போதுமா?

"சோறு கண்ட இடம் சொர்க்கம்" என்று நம்மவர் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பசி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வயிறு ஒன்றே. அது நிறைந்துவிட்டால் பசி தீர்ந்தது என்று கைகழுவி எழுந்துவிடுகிறோம். ஆனால் வயிறு மட்டுமா பசிக்கிறது? நரம்புக்கும் பசி உண்டு. வயிற்றைப் போல் அது வேளைக்கு வேளை குரல் கொடுப்பதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து, பிறகு பாதத்தின் வழியாகத் தன் குறையைச் சொல்கிறது. உள்ளங்கால் காந்துகிறது, எறும்பு ஊர்வது போலிருக்கிறது, ஊசி குத்துவது போலிருக்கிறது, இறுதியில் ஒன்றுமே தெரியாமல் மரத்துப்போகிறது.

இதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? "உடம்புச் சூடு" என்கிறோம், "வாயு" என்கிறோம், "வயதானால் வருவதுதானே" என்று முடித்துவிடுகிறோம். உள்ளங்காலில் மருதாணி அரைத்துப் பூசுகிறோம், விளக்கெண்ணெய் தேய்க்கிறோம். மருதாணி குளிர்ச்சி தரலாம்; நரம்புக்குச் சோறு போடுமா?

பொத்தேரியிலிருந்து நாள்தோறும் மின்சார இரயிலில் கல்லூரிக்கு வரும் விலங்கியல் மாணவன் நான். மருத்துவனல்லன். ஆயினும் பாடநூலில் படித்ததையும் எங்கள் தெருவில் பார்த்ததையும் இணைத்து எண்ணியபோது எனக்குத் தோன்றிய கருத்தை இம்மலரின் வாயிலாக நண்பர்கள் முன்பும் பேராசிரியர்கள் முன்பும் வைக்கின்றேன். சத்துக் குறைவால் வரும் பாத நரம்புக் கேடு நம் வீடுகளிலேயே இருக்கிறது. காலத்தோடு கண்டால் பெரும்பாலும் சீர்செய்யக் கூடியது. காலம் கடந்தால் முழுமையாக மீளாதது. அதைக் கண்டுகொள்ளும் பொறுப்பை மருத்துவமனை வாசலில் மட்டும் இறக்கிவைத்துவிடாமல், படிக்கின்ற பிள்ளைகளாகிய நாமும் ஏற்க வேண்டும். இதுவே என் கருத்து.

பாதம் ஏன் முதலில் அழுகிறது?

நம் உடம்பில் மிக நீளமான உயிரணு எது? முதுகெலும்பின் அடிப்பகுதியருகே தன் உடலை வைத்துக்கொண்டு, கால் பெருவிரல் வரை தன் இழையை நீட்டியிருக்கும் நரம்பணுவே அது. அவ்விழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். அதன் நுனிக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி முதுகருகே உள்ள அணுவுடலில் உருவாகி, அவ்வளவு தூரமும் பயணம் செய்தே வந்து சேர வேண்டும். வாய்க்காலில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் அன்றோ? பாதம் நம் உடம்பின் கடைமடை. அதனால்தான் இந்த நோய் இரண்டு பாதங்களிலும் ஒருசேரத் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல மெல்ல மேலே ஏறுகிறது.

நரம்புக்கு இன்றியமையாத சத்துகளில் மூன்றினை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். முதலாவது தயமின் என்னும் வைட்டமின் பி1. நாம் உண்ணும் மாவுச் சத்தை எரித்து ஆற்றலாக்க இது வேண்டும். நம் உடம்பில் இதன் கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். இரண்டாவது பி6. மூன்றாவது பி12. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை கெடாமல் காப்பது இதன் வேலை. இதன் கையிருப்பு கல்லீரலில் சில ஆண்டுகளுக்குக் கூடத் தாங்கும். இதுவே இதன் நன்மை. இதுவே இதன் சூழ்ச்சியும் ஆகும். இன்று தட்டில் விட்ட குறை, எத்தனையோ ஆண்டு கழித்துக் காலில் தெரியும்போது, இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

பி12 குறைவு முற்றினால் தண்டுவடமும் பழுதாகும். அப்போது செருப்பு நழுவிப் போனதே தெரியாமல் நடப்பார்கள். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுவார்கள். தரை எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லாததால், கண்தான் அவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கண்ணை மூடினால் அந்தப் பிடியும் போய்விடுகிறது.

குன்னூரில் ஓர் அறை

இந்நோய் நம் மண்ணுக்குப் புதியதன்று. 1835-ஆம் ஆண்டிலேயே சென்னை இராணுவத்தில் பணியாற்றிய மால்கம்சன் என்ற மருத்துவர், பெரிபெரி நோயைப் பற்றி ஒரு நூலே எழுதிச் சென்னையில் அச்சிட்டார். கால் மரத்து, தசை சூம்பி, நடக்கவியலாமற் செய்யும் அந்நோயின் பெயர், 'இயலாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

காரணம் என்னவென்று உலகம் நெடுங்காலம் அறியவில்லை. 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு போகாத அரிசியைத் தின்றவை எழுந்து நடப்பதையும் கண்டார். அதற்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றார். தவிட்டோடு வீசி எறியப்பட்ட அந்தப் பொருளே தயமின். அதை 1936-இல் செயற்கையாகச் செய்துகாட்டிய இராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் என்பது நமக்கு ஒரு வியப்பான செய்தி.

அந்த மாகாணத்தில்தான் ஒரு புதிர் இருந்தது. வடக்கே தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுதி. தெற்கே தமிழ் மாவட்டங்களில் அரிது. இரு சாராரும் அரிசி உண்பவர்களே. பிறகு ஏன் இந்த வேறுபாடு? 1918-இல் குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே ஓர் அறையில், இராபர்ட் மக்கரிசன் என்பவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969 முதல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்று பெயர் பெற்றது. புதிருக்கு விடை நம் வீட்டு அடுப்பிலேயே இருந்தது. தெலுங்கு மாவட்டங்களில் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி; நாம் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசிக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி போவதில்லை. 1940-இல் குன்னூரில் அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் இதனை விரிவாக எழுதினர்.

சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன் அவர்களும் அந்தக் குன்னூர்ப் பள்ளியின் பிள்ளையே. ஏழைகளின் கால் எரிச்சலைப் பற்றி 1946-இல் அவர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாண்டோதெனிக் அமிலம் என்ற மற்றொரு பி வகைச் சத்தைக் கொடுத்தபோது எரிச்சல் தணிந்ததை அதில் எழுதினார். "உடம்புச் சூடு" என்று ஊர் ஒதுக்கிய ஒன்றை ஆய்வுக்குரிய பொருளாக மதித்த அந்தப் பெருமகனார், பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக உயர்ந்து, நூறாண்டு வாழ்ந்து 2019-இல் மறைந்தார்.

ஆக, நம் பாட்டிமார்கள் வைட்டமின் என்ற சொல்லைக் கேளாமலேயே நரம்பைக் காத்தார்கள். நெல்லை அவித்தார்கள், வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடித்தார்கள், கம்பும் கேழ்வரகும் களியாயிற்று, கூழாயிற்று. அந்தக் காவலை நாம்தான் ஒவ்வொன்றாக விலக்கி வருகிறோம். சோறு மல்லிகைப் பூவாய் வெளுத்திருக்க வேண்டும் என்று நான்கு தண்ணீர் கழுவுகிறோம். கஞ்சியைச் சாக்கடையில் வடிக்கிறோம். ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை. பழம்பெருமை பேசி உறங்கிவிடவும் கூடாது. புழுங்கலரிசி பி1-ஐக் காக்குமேயன்றி, பி12 அதில் இல்லை. கம்பிலும் முருங்கைக் கீரையிலும் இல்லை. பழைய சோற்றை மட்டும் நம்பியிருந்து பி12 குறையைத் தீர்க்கவும் இயலாது. அது பால், தயிர், முட்டை, மீன், கருவாடு, இறைச்சி, ஈரல் ஆகியவற்றிலிருந்தே வரவேண்டும். இவை ஆகாதென்பார்க்கு மாத்திரையாக வரவேண்டும்.

சானடோரியம் கற்பிக்கும் பாடம்

குன்னூர் வரை போவானேன்? எங்கள் ஊர் இரயில் பாதையிலேயே தாம்பரம் சானடோரியம் என்றொரு நிலையம் இருக்கிறது. 1928-இல் சௌரி முத்து என்ற மருத்துவர் அங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். 1952-இல் காசநோய்க்கு ஐசோநியாசிட் என்ற மாத்திரை வந்தபோது உலகமே மகிழ்ந்தது. ஆனால் அதைத் தின்ற ஏழை நோயாளிகள் பலருக்குக் கால் எரியத் தொடங்கியது, விரல்கள் மரத்தன. அம்மாத்திரை உடம்பிலுள்ள பி6 சத்தைக் குறைத்துவிடுகிறது என்பதே காரணம். முன்பே சத்துக் குன்றிய உடம்பில் அந்த இழப்பு நரம்பை உடனே தாக்கியது. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்தாய்வு மையம் இச்சிக்கலை ஆராய்ந்து, பி6 அடங்கிய மாத்திரையைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தாலே நரம்பு காக்கப்படும் என்பதைக் காட்டி, 1963-இல் வெளியிட்டது. காசநோய் மருந்தோடு பி6 மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஒரு நோயைத் தீர்க்கும் மருந்தே, தட்டில் சத்தில்லாதவனிடம் இன்னொரு நோயை உண்டாக்கக்கூடும். எனவே மருத்துவர் மருந்தைப் பார்த்தால் மட்டும் போதாது. தட்டையும் பார்க்க வேண்டும். அந்தப் பாடம் வேறொரு மாத்திரையின் வடிவில் இன்று எங்கள் தெருவுக்கே வந்திருக்கிறது.

பொத்தேரியின் பாதங்கள்

பொத்தேரியை அறியாதார் யார்? ஏரியும் வயலுமாய் இருந்த ஊர். இன்று பெருஞ்சாலையின் இருமருங்கும் அடுக்குமாடி விடுதிகளும் உணவகங்களும் வானளாவி நிற்கின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஊரிலேயே உண்டு. ஆயினும் விளக்கின் அடியில் இருள் என்பார்களே, அதுபோல அக்கட்டடங்களைக் காத்து நிற்கும் காவலாளிகளும், கூட்டிப் பெருக்கும் பெண்களும், பன்னிரண்டு மணி நேரம் காலில் நிற்பவர்களும், "கால் எரியுது" என்று சொல்லாத நாளில்லை. அவர்கள் பட்டினி கிடப்பவர்களல்லர். நியாயவிலைக் கடை அரிசியால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. காலையில் தேநீரும் பன்னும். நண்பகல் சோறும் இரசமும். இரவு மீண்டும் சோறு. வயிறு நிறைகிறது. நரம்பு?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு விடுதியில் துப்புரவுப் பணி செய்கிறார். ஏழாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். கால் மரத்தபோது, "சர்க்கரைன்னா அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்துக் கடையில் நரம்பு மாத்திரை என்று ஏதோ வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒருநாள் காலில் பெரிய கொப்புளம். "வெந்நீர் ஊத்தினேன் தம்பி, சுட்டதே தெரியல. கொப்புளம் வந்த பெறகுதான் பார்த்தேன்" என்றார். அதன்பின் ஒரு மருத்துவர் இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார். மிகக் குறைவாக இருந்தது.

மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. ஆனால் பெரியம்மாவின் குறைக்கு மாத்திரை மட்டும் காரணமா? "பெரியம்மா, நீங்க கறி, மீன் சாப்பிடுறவங்கதானே?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ஆக்குவேன்டா. துண்டெல்லாம் புள்ளைங்களுக்கும் பெரியப்பாவுக்கும். எனக்குக் குழம்பு போதும்" என்றார்.

எனக்குக் குழம்பு போதும்! தோழர்களே, நம் அன்னையரில் எத்தனை பேர் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்? அசைவ வீடு என்று பெயர். ஆனால் சமைத்தவளின் தட்டு சைவத் தட்டு. முட்டையை எண்ணி அவிக்கும்போது தன்னை எண்ணாமல் விட்டுவிடுகிறாள். தியாகம் என்று நாம் மேடைகளில் போற்றுவது, அவள் பாதத்தில் மரத்துப்போய்க் கிடக்கிறது.

ஊசி போட்ட சில மாதங்களில் பெரியம்மாவின் எரிச்சல் தணிந்தது. விரல் நுனியின் மதமதப்பு மட்டும் இன்னும் போகவில்லை. சர்க்கரையின் பங்கு எவ்வளவு, சத்துக் குறைவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம் என்றாராம் மருத்துவர். இருக்கட்டும். திருத்தக்கூடிய பங்கையாவது காலத்தோடு திருத்த வேண்டாமா?

அரிசியில் கலந்தால் தீருமா?

"அரசாங்கம்தான் செறிவூட்டிய அரிசி கொடுத்ததே!" என்று சிலர் கேட்கலாம். நியாயவிலைக் கடைகளில் அண்மை ஆண்டுகளில் வழங்கப்பட்ட அந்த அரிசியில் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் பி12-உம் சேர்க்கப்பட்டன. அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று சந்தேகித்துப் பொறுக்கி எறிந்தவர்களை எங்கள் தெருவிலேயே கண்டேன். அந்த அறியாமையைப் போக்க வேண்டியது நம் கடமை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். விதிப்படி அந்த அரிசியில் கிலோவுக்குப் பி12 அளவு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரைதான். ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். நாளுக்கு 400 கிராம் அரிசி உண்டாலும் அரை மைக்ரோகிராமுக்கு மேல் கிடைக்காது. ஒரு முட்டையிலேயே ஏறத்தாழ அவ்வளவு உண்டு. ஒரு குவளைப் பாலில் அதைப்போல் இருமடங்கு. அரிசியில் கலப்பது துணையாகுமே தவிர, தட்டில் வேறொன்றும் வேண்டாம் என்பதற்கு அது அனுமதிச் சீட்டாகாது.

தமிழ்நாடு இதில் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டி. 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். தந்த சத்துணவு, 1989-இல் கலைஞர் காலத்தில் சேர்ந்த முட்டை, 2022-இல் வந்த காலை உணவு என்று வளர்ந்த வரலாறு நமக்குண்டு. ஆனால் சத்துணவுத் தட்டு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதன்பின் அதே ஏழை வீட்டுப் பிள்ளை காலையில் ஒன்றும் உண்ணாமல் இரயிலேறிக் கல்லூரிக்கு வருகிறான். தேநீரும் சமோசாவும் அவன் மதிய உணவாகின்றன. இரவில் பரோட்டாவும் சால்னாவும். வளர்கின்ற உடம்புக்குப் பதினாறு வயதில் பசி தீர்ந்துவிடுமா என்ன? கூடவே குடிப்பழக்கமும் சேர்ந்தால் தயமின் குறைந்து நரம்பு இருமுனையிலும் எரியும் திரியாகிறது.

நாம் என்ன செய்யலாம்?

குறை சொல்லிக்கொண்டே போவதில் பயனில்லை. என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகிறேன்.

ஒன்று: நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், சாலை பெருக்குகிறோம். அத்தோடு ஒருநாளைப் பாதங்களுக்கு ஒதுக்குவோம். பஞ்சால் தொட்டுப் பார்ப்பதும், இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரலில் வைத்து "அதிர்வு தெரிகிறதா?" என்று கேட்பதும் கற்றுக்கொள்ள அரைமணி நேரம் போதும். மருத்துவர்கள் கையாள்வது 128 அதிர்வெண் உடைய இசைக்கவை. நோயின் பெயரைச் சொல்வது நம் வேலையன்று. குறை கண்டவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே நம் வேலை. ஏனெனில் கால் மரப்புக்குச் சர்க்கரையும் காரணமாகலாம், தொழுநோயும் காரணமாகலாம். செங்கற்பட்டுத் திருமணியில் தொழுநோய்க்கென்றே நடுவண் அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதை நாம் மறத்தல் ஆகாது.

இரண்டு: மெட்ஃபார்மின் உண்ணும் நம் பெற்றோரை, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது "பி12 பார்க்க வேண்டுமா?" என்று கேட்கச் செய்வோம். சர்க்கரை மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது பெருந்தீங்கு. அதையும் சேர்த்தே சொல்வோம்.

மூன்று: 'நரம்பு மாத்திரை' என்று கடைக்காரர் கொடுப்பதையெல்லாம் விழுங்குவதை நிறுத்துவோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பி6 சத்தை மிகையாக நெடுநாள் உண்டாலும் பாத நரம்பு கெடும் என்று 1983-இலேயே கண்டறிந்துள்ளனர். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் சோகை தெளிந்து முகம் தேறிவிடும்; நரம்போ உள்ளே நலிந்துகொண்டே போகும்.

நான்கு: நம் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் அவித்த முட்டையும் சுண்டலும் ஒரு குவளைப் பாலும் ஏழை மாணவர்க்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். இதனை முதல்வர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் கருணையோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். முட்டை ஆகாதென்பாரை வற்புறுத்த வேண்டியதில்லை. அவர்க்குப் பாலும் தயிரும் உண்டு, தேவையெனில் மாத்திரை உண்டு. எவர் கொள்கையும் எவர் நரம்புக்கும் பகையாக வேண்டியதில்லை.

ஐந்து: இதற்குப் பணமும் வேண்டா, அனுமதியும் வேண்டா. வரும் ஞாயிற்றுக்கிழமை சமைத்த பாத்திரத்திலிருந்து முதல் துண்டை எடுத்து அம்மாவின் தட்டில் வைப்போம். "எனக்குக் குழம்பு போதும்" என்பார்கள். போதாது என்று சொல்வோம். ஏன் போதாது என்பதையும் எடுத்துச் சொல்வோம். நாம் படித்த படிப்பு நம் வீட்டு அடுப்படிக்குக் கூட வந்து சேரவில்லையென்றால், அந்தப் படிப்பால் ஊருக்கு என்ன பயன்?

உழுதும், நெய்தும், சுமந்தும், பெருக்கியும் இந்நாட்டைத் தாங்கி நிற்பவை உழைப்பாளியின் பாதங்கள். அவை தரையை உணராமல் போவது கண்டும் வாளாவிருத்தல் நமக்கு அழகன்று. தலைமடையில் இருப்பவர்கள் நாம். கடைமடைக்கும் நீர் பாய வழிசெய்வோமாக!